பெறாமகன் செப்டம்பரில் ரொறன்ரோவில் பத்தாம் வகுப்புக்கு வருகிறான். காசு கட்டியாயிற்று, தாள் எல்லாம் சரி. இனி என்ன?

8 ஜூன் 2025. கேள்வி, ஸ்காபரோ வாசகர்

அண்ணாவின் மகன் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறான். வயது 15. கல்விச்சபைக்கு ஒரு வருடக் கட்டணம் கட்டியாயிற்று. ஸ்டடி பெர்மிட்டுக்கு (கனடாவில் படிப்பதற்கான அனுமதி) அனுமதிக் கடிதமும் வந்துவிட்டது. கஸ்டோடியன், அதாவது இங்கே அவனுக்குப் பொறுப்பாளர், நான்தான், நொத்தாரிசு முன்னால் கையெழுத்தும் வைத்துவிட்டேன். என் மனைவி இன்னும் நிறையச் செய்ய இருக்கிறது என்கிறா. இவ்வளவு காசு வாங்கிய பள்ளிக்கூடம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று நான் சொல்கிறேன். யார் சரி?

8 ஜூன், இரவு

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

நான் 14 வருடமாக ஸ்காபரோப் பக்கத்து உயர்பள்ளிகளில் புதுப் பிள்ளைகளைப் பதியும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் நினைக்கிற மாதிரித்தான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒன்ராறியோ மாகாணப் பள்ளிக்கூடங்களில் புதிதாகக் குடியேறிய குடும்பங்களுக்கு உதவ ஒரு குடியேற்றப் பணியாளர் இருப்பார், தமிழ் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் திட்டத்துக்குக் காசு கொடுப்பது மத்திய அரசு. அது நிரந்தர வதிவிடம் கிடைத்தவர்களுக்கும் அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் உரியது, கட்டணம் கட்டிப் படிக்க வரும் பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை. ஆகஸ்டு கடைசியில் புது மாணவர்களுக்கு நடக்கும் அறிமுக வாரத்திலும் பல இடங்களில் அதே கதைதான். ஆண்டுக்கு 16,000 டொலருக்கு மேல் கட்டும் பிள்ளைக்குத்தான் வாசலில் நின்று கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாமல் போகிறது.

கல்விச்சபையின் சர்வதேச மாணவர் பிரிவு ஒன்று இருக்கும், அவர்களும் ஒரு அறிமுக நாள் வைப்பார்கள். அது சபைக்குப் பொதுவானது. உங்கள் பிள்ளை படிக்கப் போகும் கட்டடத்தில், அவன் உட்காரப் போகும் வகுப்பில், அவனை யாருக்குத் தெரியும்? அதைத்தான் நீங்கள் பார்க்கவேண்டும். ஆகஸ்டு கடைசி வாரம் ஒவ்வீஸ் திறந்திருக்கும். அவனைக் கூட்டிக்கொண்டு நேரே போங்கள். தொலைபேசி வேண்டாம்.

9 ஜூன்

நேற்று ஒன்று விட்டுப்போயிற்று. உங்களிடம் இருக்கும் அனுமதிக் கடிதம் பெர்மிட் இல்லை. பெர்மிட்டை பியர்சன் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி அச்சடித்துக் கொடுப்பார். வாங்கியதும் அந்த மேசையை விட்டு நகராமல் பெயர், பிறந்த திகதி, முடிவுத் திகதி மூன்றையும் வாசிக்கச் சொல்லுங்கள். பத்தொன்பது இருபது மணித்தியாலம் பறந்து வந்த பிள்ளை தாளை மடித்து பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பிழை இருந்தால் அங்கேயே சொல்வது லேசு, பிறகு திருத்த மாதக்கணக்கில் இழுபடும்.

கஸ்டோடியன் படிவத்தில் இரண்டு பக்கம் உண்டு. உங்கள் பக்கம் இங்கே, பெற்றோர் பக்கம் ஊரில், இரண்டிலும் நொத்தாரிசு கையெழுத்து இருக்கவேண்டும். இரண்டுக்கும் பிரதி எடுத்து பிள்ளையின் கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் போடவேண்டாம்.

11 ஜூன்

பெயரைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

2016 என்று நினைக்கிறேன். ஒரு பெண்பிள்ளை, 16 வயது, மாமி வீட்டில் நின்று படிக்க வந்தவள். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால், இவள் பெயர் பின்னால். பதிந்தவர் அதை அப்படியே ஏற்றிவிட்டார். வகுப்புப் பட்டியலில் அவளுடைய முதற்பெயர் இடத்தில் தகப்பன் பெயர். ஆசிரியர் கூப்பிடுகிறார். அவள் பேசாமல் இருக்கிறாள். இருக்காமல் என்ன செய்வாள்? வகுப்பில் யாரோ ஒருவரைக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் அவளுக்கு எண்ணம். அதோடு கனடாக்காரர் வாயில் அந்தப் பெயர் அடையாளமே தெரியாமல் வந்திருக்கும். ஆசிரியர் வரவில்லை என்று போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறார். நாலு பாடம், நாலு ஆசிரியர், நாலு தடவையும் அதே மாதிரி.

பின்னேரம் மாமியின் தொலைபேசிக்குப் பதிவு செய்த குரல் வருகிறது: உங்கள் பிள்ளை இன்று முதலாம், இரண்டாம், மூன்றாம், நாலாம் பாடங்களுக்கு வரவில்லை. மாமி அன்று ஏதோ பிழை என்று விட்டுவிட்டா. இரண்டாம் நாளும் அதே குரல். மூன்றாம் நாள் வீட்டில் பெரிய சண்டை. காலையில் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன், எங்கே போகிறாய் என்று மாமி கேட்கிறா, நான் வகுப்பில்தான் இருந்தேன் என்று அவள் அழுகிறாள். ஊருக்கு அழைப்புப் போய் தகப்பனும் ஏசியாயிற்று. நாலாம் நாள் மாமி அவளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தா. பட்டியலைத் திருப்பிக் காட்டினேன். அந்தப் பிள்ளை தன் தகப்பன் பெயரில் விரலை வைத்து, "இது அப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆசிரியருக்கு முப்பது பிள்ளைகள், பதிந்தவருக்கு அன்று நாற்பது கோப்புகள். ஆனால் உன்னை என்ன பெயரில் கூப்பிடுவது என்று அவளிடம் ஒருவர் கேட்டிருந்தால் அந்த நாலு நாள் இல்லை.

பதிவில் சட்டப்பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடிதான் போகும். அதை மாற்றக் கேட்காதீர்கள். அதற்குப் பக்கத்தில் "விரும்பும் பெயர்" என்று ஒரு இடம் இருக்கிறது. ஆசிரியர் பார்க்கும் பட்டியலில் அதுதான் வரவேண்டும். அந்த இடத்தை நிரப்பச் சொல்லிக் கேட்டு, திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

12 ஜூன்

"எங்கள் தமிழ்நாட்டில் தலையெழுத்து மட்டும்தான், குடும்பப் பெயரே கிடையாது, கடவுச்சீட்டில் ஒரே ஒரு பெயர். எங்களுக்கு?" என்று கோயம்புத்தூர் வாசகர் கேட்கிறார்.

ஒற்றைப் பெயர் என்றால் கனடா ஆவணங்களில் அது குடும்பப் பெயர் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும், முதற்பெயர் காலியாக இருக்கும். பள்ளிக்கூடக் கணினி காலி இடத்தை ஏற்காவிட்டால் ஒரு கோடோ புள்ளியோ போடுவார்கள். அந்தப் பிள்ளைக்கு விரும்பும் பெயர் இடம் இன்னும் அவசியம்.

இன்னொன்று. வாயில் நுழையவில்லை என்று பெயரைச் சுருக்கி வைக்கவேண்டாம், பிள்ளை தானே கேட்டால் ஒழிய. நாலு அசைப் பெயரை ஆசிரியர்கள் ஒரு கிழமையில் பழகிவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன். ஒரு காகிதத்தில் அசை அசையாகப் பிரித்து ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள், போதும்.

15 ஜூன்

தடுப்பூசி. இதில்தான் பலர் அக்டோபர், நவம்பரில் மாட்டுப்படுகிறார்கள். ஒன்ராறியோவில் மாணவர் தடுப்பூசிக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. விவரம் கொடுக்காவிட்டால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கொஞ்ச நாள் நிறுத்திவைக்கலாம். விவரத்தைப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பவேண்டியது வீட்டுக்காரர். மருத்துவர் தானாக அனுப்புவார் என்று இருந்துவிடாதீர்கள்.

ஊரிலிருந்து கிளினிக் கொப்பியை (தடுப்பூசிகளைப் பதிந்த கொப்பி) கட்டாயம் கொண்டுவரச் சொல்லுங்கள். சின்னமுத்து ஊசி முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டதாக இருந்தால்தான் இங்கே கணக்கு. ஒன்பதாம் மாதம் போட்டதைச் சேர்க்கமாட்டார்கள். அதேபோல 2010இலோ பிறகோ பிறந்தவர்களுக்குக் கொப்புளிப்பான் ஊசியும் கேட்பார்கள், உங்கள் பெறாமகன் அந்த வயதுதான். ஊரில் அரசாங்கம் இலவசமாகப் போடும் பட்டியலில் அது இல்லை.

16 ஜூன்

சென்னையிலிருந்து ஒருவர் "சின்னம்மைக்கும் கொப்புளிப்பானுக்கும் தனித்தனி ஊசியா?" என்று கேட்டிருக்கிறார். நல்ல வேளை கேட்டீர்கள். நான் எழுதியது சின்னமுத்து. ஈழத்தில் சின்னமுத்து என்றால் உங்கள் தட்டம்மை. நீங்கள் சின்னம்மை என்பது எங்கள் கொப்புளிப்பான். மொழிபெயர்ப்புத் தாளில் இந்தக் குழப்பம் வந்து நான் பார்த்திருக்கிறேன், மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டுக்காரர், கொப்பி மட்டக்களப்பில் எழுதியது. கொப்பியில் ஊசியின் ஆங்கிலச் சுருக்கம் இருந்தால் அதையே எழுதச் சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் போடும் மூளைக்காய்ச்சல் ஊசி ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கானது. இங்கே கேட்பது வேறு, மூளையுறையில் கிருமி தொற்றுவதைத் தடுப்பது. அதைக் காட்டி இதற்குத் தப்ப முடியாது. வந்து இறங்கிய கிழமையே மருத்துவரிடம் நேரம் எடுங்கள். ஒன்ராறியோச் சுகாதார அட்டை இந்தப் பிள்ளைகளுக்குக் கிடையாது, தனியார் காப்புறுதிதான். கல்விச்சபைக் கட்டணத்தோடு அது சேர்ந்திருக்கிறதா என்று ரசீதைப் பாருங்கள்.

22 ஜூன்

மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வி கேட்டிருக்கிறீர்கள், சேர்த்து எழுதுகிறேன்.

மாகாண அத்தாட்சிக் கடிதம் வேண்டுமா? 2024 ஜனவரியில் வந்த அந்த விதி கல்லூரி, பல்கலைக்கழகத்துக்கு. 12ஆம் வகுப்பு வரைக்கும் தேவையில்லை. சர்வதேச மாணவர்களைச் சேர்க்க அனுமதித்த நிறுவனங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் பட்டியல் எண்ணும் பள்ளிக்கூடத்துக்குத் தேவையில்லை. உங்களுக்கு அதை வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்கிற முகவரை விட்டு விலகுங்கள்.

ஸ்டடி பெர்மிட் விண்ணப்பத்துக்கு வங்கியில் எவ்வளவு காட்டவேண்டும்? கட்டணமும் விமானச் சீட்டும் போக, ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கு 20,635 டொலர்.

"நான் வேலை அனுமதியில் இருக்கிறேன். மகளுக்கு 16,000 கட்டச் சொல்வார்களா?" மாட்டார்கள், தங்கச்சி. தாயோ தகப்பனோ கனடாவில் வேலை அனுமதியில் இருந்தால் ஒன்ராறியோவில் பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. அரசு சார்ந்த கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ ஸ்டடி பெர்மிட்டில் படித்தாலும் அப்படித்தான். மேசையில் இருப்பவருக்கு இது தெரியாமல் கட்டணப் படிவத்தை நீட்டக்கூடும். உங்கள் பெர்மிட்டைக் காட்டி மேலாளரைக் கேளுங்கள்.

இதையும் எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். ஒன்ராறியோக் கல்விச் சட்டத்தில் 49.1 என்று ஒரு பிரிவு. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ கனடாவில் இருக்கச் சட்டப்படியான அனுமதி இல்லை என்ற காரணத்துக்காக 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பக்கூடாது. தாள் இல்லை என்று பயந்து பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருக்கிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி யாரையாவது தெரிந்தால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

6 ஜூலை

"ஈ.எஸ்.எல் வகுப்பில் போட்டால் பிள்ளை பின்தங்கிவிடுவான், வேண்டாம் என்று சொல்லலாமா?" இது பெறாமகன் வாசகரின் அடுத்த கேள்வி. ஈ.எஸ்.எல் என்றால் ஆங்கிலம் தாய்மொழி இல்லாத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் வகுப்பு. இதற்கு எனக்குள்ளேயே இரண்டு பதில் இருக்கிறது.

நான் 1988 நவம்பரில் வந்தேன், 13 வயது, எட்டாம் வகுப்பு. யாழ்ப்பாணத்தில் வகுப்பில் முதலாம் பிள்ளை. இங்கே முதல் நாள் மலசலகூடம் எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தெரிந்த ஆங்கிலம் எல்லாம் எழுத்தில்தான் இருந்தது. மூன்று மணி வரை அடக்கிக்கொண்டு இருந்தேன், பஸ்ஸிலும் அடக்கிக்கொண்டு, வீட்டுக் கதவு திறந்ததும் ஓடினேன். அப்படி ஐந்து நாள். ஆறாம் நாள் ஈ.எஸ்.எல் ஆசிரியை ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டு கட்டடம் முழுவதும் நடந்தா, ஒவ்வொரு கதவையும் தொட்டுப் பெயர் சொன்னா, நானும் சொன்னேன். அந்த வகுப்பு இல்லாவிட்டால் நான் இல்லை.

ஆனால் அதே வகுப்பில் என்னை இரண்டு வருடம் தேவைக்கு மேல் வைத்திருந்தார்கள் என்பதும் உண்மை. அப்பாவுக்குக் கேட்கத் தெரியவில்லை. கேட்கலாம் என்றே தெரியாது.

ஆகவே ஈ.எஸ்.எல்லை மறுக்காதீர்கள், எந்த நிலை என்று கேளுங்கள். உயர்பள்ளியில் ஐந்து நிலை உண்டு, ஏ முதல் ஈ வரை. உயர்பள்ளி டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட் (ஒரு முழுப் பாடம் தேறினால் ஒன்று) வேண்டும், அதில் 18 கட்டாயம், அதற்குள் ஆங்கிலம் நாலு. அந்த நாலில் மூன்று வரை ஈ.எஸ்.எல் கிரெடிட்டாக இருக்கலாம், நாலாவது 12ஆம் வகுப்பு ஆங்கிலம்தான். பல்கலைக்கழகம் போகிறவர்கள் அதில் பல்கலைக்கழக வழியையே எடுக்கவேண்டும். ஆக நேரம் வீணாகிறது என்ற பயம் தேவையில்லை, ஒவ்வொரு பருவத்திலும் நிலை ஏறுகிறானா என்று பார்த்தால் போதும்.

கணக்குப் பாடம்தான் எனக்குக் கவலை. நம் பிள்ளைகள் ஊரில் இங்குள்ளவர்களை விட முன்னால் போயிருப்பார்கள். மதிப்பீட்டுத் தாளில் கேள்வி எல்லாம் கதை மாதிரி ஆங்கிலத்தில் நீட்டி எழுதியிருக்கும். பிள்ளை கணக்கில் தவறுவதில்லை, வாக்கியத்தில் தவறிவிடும். ஊரில் சாதாரண தரத்துக்கு (பதினோராம் வகுப்புப் பொதுச் சோதனை) திரிகோண கணிதம் படித்த ஒரு பெடியனை ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் போட்டு, அவன் மூன்று மாதம் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தான். எண்ணும் குறியும் மட்டும் உள்ள தாள் ஒன்று கொடுத்துப் பாருங்கள் என்று கேளுங்கள். பத்தாம் வகுப்பில் இன்னும் இரண்டு வழி இருக்கிறது, அக்கடமிக் (பல்கலைக்கழகம் நோக்கியது), அப்ளைட் (நடைமுறை சார்ந்தது). பல்கலைக்கழகம் நினைப்பிருந்தால் அக்கடமிக் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு மாறுவது பெரும்பாடு.

ஊரில் முடித்த வகுப்புகளுக்கு எத்தனை கிரெடிட் கொடுப்பது என்று அதிபர்தான் தீர்மானிப்பார். எட்டாம், ஒன்பதாம், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி அறிக்கைகளை மொழிபெயர்த்து, அத்தாட்சிப்படுத்திக் கொண்டுவாருங்கள். கடைசித் தவணையை மட்டும் கொண்டுவந்து நிற்காதீர்கள்.

9 ஜூலை

திருத்தம். கட்டாயக் கிரெடிட் 18 என்று எழுதினேன். அது பழைய கணக்கு. 2024 செப்டம்பரிலோ அதற்குப் பிறகோ ஒன்பதாம் வகுப்புத் தொடங்கியவர்களுக்கு 17 கட்டாயம், 13 விருப்பம். மொத்தம் அதே 30. ஒரு ஆசிரியர் எழுதித் திருத்தினார், நன்றி. உங்கள் பெறாமகனுக்கு எந்தக் கணக்கு என்று வழிகாட்டல் ஆசிரியரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

40 மணித்தியாலச் சமூக சேவையையும் மறந்துவிட்டேன். அது எல்லோருக்கும் உண்டு. கோயிலில், நூலகத்தில், தமிழ்ப் பள்ளியில் செய்யலாம். தொடங்குவதற்கு முன்னால் அது ஏற்றுக்கொள்ளப்படுமா என்று கேட்டுவிடுங்கள்.

24 ஆகஸ்டு

பெடியன் வந்துவிட்டானாம். பெர்மிட்டில் பெயர் சரியாம். சந்தோஷம்.

இந்தக் கிழமை ஒவ்வீஸுக்குப் போகும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: முதல் கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவனோடு யார் இருப்பார்கள்? கேட்கும்போது கொஞ்சம் விசித்திரமாகப் பார்ப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள். வகுப்பில் இருக்கை இருக்கும், ஆசிரியர் இருப்பார், சமாளித்துவிடுவான். சாப்பாட்டு மண்டபம் அப்படியில்லை. தட்டை வைத்துக்கொண்டு எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் நிற்கிற அந்த அரை நிமிடம் இருக்கிறதே, அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் படிக்கட்டுக்குக் கீழே போய்த் தனியே சாப்பிடத் தொடங்குகிறார்கள். எங்கள் கட்டடத்தில் ஜிம்முக்குப் பின்னால் ஒரு படிக்கட்டு இருந்தது. அக்டோபரில் அங்கே போய்ப் பார்த்தால் அந்த வருடம் வந்தவர்களில் யார் தவறிப்போனார்கள் என்று தெரிந்துவிடும். நான் ஒவ்வொரு வருடமும் போய்ப் பார்ப்பேன்.

தமிழ்ப் பிள்ளை ஒருவரைத் துணைக்குக் கேளுங்கள். மொழி தெரிந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

1 செப்டம்பர், தொழிலாளர் தினம்

நாளை பள்ளிக்கூடம். இரண்டு சின்ன விஷயம்.

நாளைக்கு கச்சான் கொடுத்துவிடவேண்டாம், கச்சான் அல்வாவும் வேண்டாம். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: வேர்க்கடலை.) ஒவ்வாமையால் இறந்துபோன ஒரு மாணவியின் பெயரில் 2006 முதல் ஒன்ராறியோவில் ஒரு சட்டம் இருக்கிறது, சப்ரீனா சட்டம் என்பார்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளைக் காக்க ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு திட்டம் இருக்கவேண்டும் என்கிறது. கச்சானே கூடாது என்று பல பள்ளிக்கூடங்கள் வைத்திருக்கின்றன. ஊரிலிருந்து வந்த பிள்ளை ஆசையாகப் பங்கு கொடுக்கும், அதில் ஒரு பிள்ளைக்கு மூச்சு அடைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எள்ளைப் பற்றியும் கேளுங்கள், சில இடங்களில் அதையும் வேண்டாம் என்பார்கள். இடியப்பமும் சம்பலும் கொடுத்துவிடுங்கள், ஒரு பிரச்சினையும் இல்லை.

மற்றது, ஜூனில் வங்கிக் கணக்குக்கு 20,635 என்று எழுதியிருந்தேன். இன்று முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 22,895. அடுத்த வருடத்துக்கு ஆயத்தம் செய்கிறவர்கள் பழைய எண்ணை வைத்து வங்கிக் கடிதம் எடுத்துவிடாதீர்கள்.

14 செப்டம்பர்

"போன கிழமை ஏதோ பயிற்சி என்று மின்விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, எல்லோரையும் மூலையில் இருத்தினார்களாம். பெடியன் அன்றிரவு சாப்பிடவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஐயோ, இதை நான் முதலே சொல்லியிருக்கவேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள். அது லொக்டவுன் பயிற்சி. ஆயுதத்தோடு யாராவது உள்ளே வந்தால் என்ன செய்வது என்று வருடத்துக்கு இரண்டொரு தடவை பழக்குவார்கள். தீயணைப்புப் பயிற்சி வேறு, அதற்கு மணி அடிக்கும், வெளியே போகவேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகள் பாலர் வகுப்பிலிருந்து பழகிவிட்டார்கள், சிரித்துக்கொண்டு இருப்பார்கள். புதுப் பிள்ளைக்கு அது பயிற்சி என்ற ஒரு சொல் அறிவிப்பில் கடந்து போயிருக்கும், அவ்வளவுதான்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில், போர் நடந்த வன்னியிலிருந்து வந்த ஒரு பிள்ளை பயிற்சி முடிந்து விளக்கு எரிந்த பிறகும் மேசைக்குக் கீழிருந்து வரவில்லை. ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது புத்தகப் பையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். பங்கருக்குள் (பதுங்குகுழி) அப்படித்தான் இருக்கச் சொல்லி அம்மா பழக்கியிருந்தாவாம். நானும் மேசைக்குக் கீழே போய் இருந்தேன். தமிழில் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை, இன்றைக்கு என்ன சாப்பாடு கொண்டுவந்தாய் என்று கேட்டேன். பத்து நிமிடம் கழித்து, "பாணும் பருப்பும்" என்றாள். பிறகு வெளியே வந்தோம்.

அடுத்த வருடத்திலிருந்து பயிற்சிக்கு முதல் நாள் புதுப் பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிட்டு அவரவர் மொழியில் சொல்ல வைத்தோம். சிரியாப் பிள்ளைகளும் பிறகு உக்ரைன் பிள்ளைகளும் வந்தபோது அது உதவியது. உங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படி இல்லையென்றால் அடுத்த பயிற்சித் திகதியை உங்களுக்கு முன்கூட்டியே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கஸ்டோடியன் கேட்டால் சொல்வார்கள்.

பெடியன் இன்று எப்படி? சாப்பிட்டானா?

15 செப்டம்பர். ஸ்காபரோ வாசகர்

சாப்பிட்டான் அக்கா. நீங்கள் எழுதியதை மனைவி வாசித்துக் காட்டினா. முதலில் பேசாமல் இருந்தான், பிறகு, "எல்லோரும் சிரித்துக்கொண்டு இருந்தவை, எனக்கு மட்டும் கை நடுங்கினது" என்றான். போர் முடிந்த பிறகு பிறந்தவன்தானே என்று நான் இதை யோசிக்கவே இல்லை.

5 அக்டோபர்

ஆகஸ்டு 24இல் நான் எழுதியதில் பாதியைத் திரும்ப எடுக்கவேண்டும்.

தமிழ்ப் பிள்ளையைத் துணைக்குக் கேளுங்கள் என்றேன். நீங்களும் கேட்டு, அவர்களும் ஒருவரைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெடியன் இங்கே பிறந்தவன், தமிழ் விளங்கும், பேச வராது. இரண்டு பேரும் மூன்று நாள் ஒருவரையொருவர் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இப்போது உங்கள் பெறாமகன் சாப்பிடப் போவது போன வருடம் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஒருவனோடு என்கிறீர்கள்.

யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த பிள்ளைகளிலும் பலருக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது. நான்தான் தமிழ், தமிழ் என்று ஒட்டவைக்கப் பார்த்திருக்கிறேன். பஸ் அட்டையை எங்கே நிரப்புவது, எந்த ஆசிரியர் பிந்தி வந்தால் ஏசுவார், லொக்கர் பூட்டின் எண்ணை எப்படிச் சுழற்றுவது, இதெல்லாம் போன வருடம் தானே முட்டி மோதிக் கற்றவனுக்குத்தான் ஞாபகம் இருக்கும். இங்கே பிறந்தவனுக்கு அது தெரியாத விஷயம் என்றே தெரியாது. ஆக, முதலில் போன வருடம் வந்த பிள்ளை, எந்த நாடு என்றாலும் சரி. தமிழ் பேசுகிற பெரிய ஆள் ஒருவர் கட்டடத்தில் இருந்தால் போதும், அவசரத்துக்கு.

இந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சேர்த்திருக்கிறேன், பதினொரு பேரை. ஜிம்முக்குப் பின்னால் உள்ள அந்தப் படிக்கட்டுக்குப் போன வியாழன் போய்ப் பார்த்தேன். ஒருவர் மட்டும் இருந்தார். கொரியாப் பெண்பிள்ளை. படிக்க அமைதியாக இருக்கிறது, அதனால்தான் வந்தேன் என்றாள். நம்பினேன், ஆனாலும் நாளைக்கும் போய்ப் பார்ப்பேன்.

6 அக்டோபர். ஸ்காபரோ வாசகர்

ஒரு சின்ன விஷயம். போன கிழமை மாணவர் அட்டை வந்தது. விரும்பும் பெயர் இடத்தில் நாங்கள் கொடுத்ததுதான் இருக்கிறது, ஆனால் ஒரு எழுத்துக் குறைகிறது. ஆசிரியர்கள் சரியாகத்தான் கூப்பிடுகிறார்களாம். விட்டுவிடவா?

6 அக்டோபர், இரவு

விடவேண்டாம். அட்டையில் அப்படி என்றால் கணினியிலும் அப்படித்தான் இருக்கும். அவனே போய்ச் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். கடவுச்சீட்டையும் பிழையான அந்த அட்டையையும் கொண்டுபோங்கள். மதியத்தில் போகாதீர்கள், அப்போது மேசையில் ஆள் குறைவு. காலை ஒன்பதரைக்குப் பிறகு போனால் பிந்தி வந்த பிள்ளைகளின் வரிசை முடிந்திருக்கும். இடைப்பருவ அறிக்கை நவம்பரில் அச்சாகிறது, அதற்கு முன்னால் முடித்துவிடுங்கள்.